புகைப்படம் இருந்தால் சாமி திரும்பும்: வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து சிலைகள் வருவது எப்படி?

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று தமிழ்நாட்டுக் கோயில் சிலையைத் திருப்பித் தருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் சேர்ந்தே வருகின்றன. இத்தனை வருடம் கொடுக்காதவர்கள் இப்போது ஏன் கொடுக்கிறார்கள்? ஒன்றைக் கொடுத்தவர்கள் அதே கூடத்தில் இருக்கும் இன்னொன்றை ஏன் கொடுக்கவில்லை?

மனசாட்சி விழித்துக்கொண்டது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் முடிவைத் தீர்மானித்தவை பெரும்பாலும் மூன்று தாள்கள்: ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம், கோயில் சொத்துப் பதிவேட்டில் ஒரு வரி, காவல் நிலையத்தில் ஒரு எஃப்ஐஆர். மூன்றும் இருந்தால் சிலை வருகிறது. புகைப்படம் மட்டும் இருந்தாலும் பல நேரம் வருகிறது. மூன்றும் இல்லையென்றால், 'சோழர் காலத்தது, எங்களுடையது' என்ற உண்மையை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடிவதில்லை.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியவை

'சர்ச்சைக்குரிய கலைப்பொருள்கள்' என்று ஒரே பெயரில் பேசப்படுபவை உண்மையில் மூன்று வகை.

1. படையெடுப்பிலும் காலனி ஆட்சியிலும் போனவை. இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் அரண்மனையிலிருந்து 1897-ல் பிரிட்டிஷ் படை அள்ளிச் சென்ற வெண்கலங்கள், எல்ஜின் பிரபுவிடமிருந்து 1816-ல் பிரிட்டன் 35,000 பவுண்டுக்கு வாங்கிய கிரேக்கக் கோயில் பார்த்தினானின் சிற்பங்கள், லண்டனில் இருக்கும் அமராவதி ஸ்தூபச் சிற்பங்கள் எல்லாம் இதில் சேரும். நாகப்பட்டினம் டச்சுக்காரர் வசமிருந்த காலத்தில் கப்பலேறிய ஆனைமங்கலம் செப்பேடுகளும் அப்படித்தான். அன்று தடுக்கும் சட்டமே இல்லை. இருந்த சட்டம் எடுத்தவர் எழுதியது. ஆகவே நீதிமன்றத்துக்குப் போய்ப் பெரிய பயன் இல்லை. அரசியல் முடிவோ தனிச் சட்டமோ வேண்டும். பக்கத்து நாடான பெனின் குடியரசுக்கு 26 பொருள்களைக் கொடுக்க பிரான்ஸ் 2020-ல் தனியாக ஒரு சட்டமே போட்டது.

2. சட்டம் வந்த பிறகு திருடிக் கடத்தப்பட்டவை. தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் இந்த வகை.

3. நடுவில் மாட்டிக்கொண்டவை. யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970-க்கு முன்பே வெளியேறியவை, வெளிநாட்டில் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டவை, கோயிலுக்குள் இருந்தவர்களே விற்றார்களா என்று தெரியாதவை.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், முதல் வகைக்கான வாதங்களைத் தூக்கி இரண்டாம் வகையில் போடுவதில். 'உலக மக்கள் எல்லோரும் பார்க்கட்டுமே', 'அங்கே பத்திரமாக இருக்கிறதே' என்பவையெல்லாம் பார்த்தினான் சிற்பங்களுக்காகப் பிறந்த வாதங்கள். பூட்டை உடைத்துத் தூக்கிய உற்சவருக்கு அவை பொருந்தாது. பைக்கைத் திருட்டுக் கொடுத்தவரிடம், 'உங்கள் வீட்டில் ஷெட் இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டா வண்டியைத் திருப்பித் தருகிறோம்?

எந்தச் சட்டம் எதைப் பிடிக்கும்

1878 புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். 1947-ல் வந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமம் இல்லாமல் தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதைத் தடுத்தது. அதன் இடத்தில் 1972-ல் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் வந்து, 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறு வருடத்துக்குக் குறையாத சிலை இதன்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு.

இவை எல்லாம் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். எல்லை தாண்டிவிட்டால்? அதற்குத்தான் பண்பாட்டுப் பொருள்களின் கடத்தலைத் தடுத்துத் திருப்பித் தர வகைசெய்யும் யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கை. செய்திகளில் இதைப் பெரிய ஆயுதம் போலச் சொல்கிறார்கள். படித்துப் பார்த்தால் அதில் மூன்று ஓட்டைகள்.

ஒன்று, அது பின்னோக்கிச் செல்லாது. இரு நாடும் சேர்ந்த தேதிக்குப் பிறகு நடந்ததற்குத்தான் பொறுப்பு. இந்தியா சேர்ந்தது 1977-ல், அமெரிக்கா 1983-ல், ஆஸ்திரேலியா 1989-ல், பிரிட்டன் 2002-ல்தான்.

இரண்டு, திருடப்பட்ட பொருள் அந்தக் கோயிலின் அல்லது அருங்காட்சியகத்தின் பட்டியலில் இருந்ததற்கு ஆவணம் வேண்டும். பட்டியலே எழுதாத கோயிலுக்கு இந்தப் பிரிவு கை கொடுக்காது.

மூன்று, தெரியாமல் வாங்கியவருக்குக் கேட்கும் நாடு நியாயமான இழப்பீடு கொடுக்க வேண்டும். நம் சாமியை நாமே காசு கொடுத்து மீட்பதா என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் நடைமுறையில் இந்தப் பிரிவு பெரிதாகத் தொல்லை தந்ததில்லை. தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல, வாங்கும் முன் என்ன விசாரித்தேன் என்று காட்ட வேண்டுமே. பல அருங்காட்சியகங்களால் அதைக் காட்ட முடிவதில்லை.

வாங்கியவர் நல்லவர் என்றால்?

ஆங்கிலேய, அமெரிக்கச் சட்ட மரபில் திருடனிடம் உரிமை இல்லை. இல்லாத உரிமையை அவனால் யாருக்கும் விற்கவும் முடியாது. இத்தாலி போன்ற நாடுகளில் கதை வேறு. நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு அந்த நிமிடமே உரிமை வந்துவிடும். இங்கிலாந்தில் திருடுபோன ஜப்பானியக் கலைப்பொருள்கள் இத்தாலியில் விற்கப்பட்டு மறுபடி லண்டன் ஏலத்துக்கே வந்தன. லண்டன் நீதிமன்றம், விற்பனை நடந்த இடம் இத்தாலி என்பதால் அந்நாட்டுச் சட்டமே செல்லும் என்றது. கண்ணெதிரே இருந்த பொருளைச் சொந்தக்காரர் இழந்தார். கடத்தல் சரக்கு ஏன் ஒன்றிரண்டு நாடுகளைச் சுற்றிப் போகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்திலேயே இன்னொரு சிக்கல் கால வரம்பு. நல்லெண்ணத்தோடு வாங்கிய நாளிலிருந்து ஆறு வருடம் கடந்தால் பழைய உரிமையாளரின் உரிமை அற்றுப்போகும். நியூயார்க்கில் இதற்கு நேர்மாறு. 'கொடு' என்று கேட்டு, 'கொடுக்க மாட்டேன்' என்ற பதில் வந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். போதாக்குறைக்கு, மன்ஹாட்டன் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகத்தின் தொல்பொருள் கடத்தல் பிரிவு உரிமை வழக்குக்காகக் காத்திருப்பதில்லை. திருட்டுச் சொத்தை வைத்திருப்பதே குற்றம் என்று நேரே பறிமுதல் செய்கிறது. அமெரிக்காவிலிருந்து கொத்துக் கொத்தாக வருகிறதே, 2024 செப்டம்பரில் ஒரே தவணையில் 297 பொருள்கள் ஒப்படைக்கப்பட்டனவே, அதற்கு இந்தச் சட்ட அமைப்பு முக்கியக் காரணம்.

பத்தூர் வழக்கு: சாமி வாதியானது

1976-ல் தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி தன் குடிசைக்குப் பக்கத்தில் தோண்டும்போது நடராசர் உள்ளிட்ட திருமேனிகள் கிடைத்தன. கலெக்டருக்குத் தகவல் போகவில்லை. நடராசர் லண்டன் போனார். 1982-ல் கனடா நிறுவனம் ஒன்று அவரை 2,50,000 பவுண்டுக்கு வாங்கி, பழுது பார்க்க பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அங்கே லண்டன் போலீஸ் கைப்பற்றியது.

வழக்கில் இரண்டு கேள்விகள். முதலாவது, இது பத்தூர்ச் சிலைதானா? அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு உலோகத்தை ஒப்பிட்டார்கள். ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தார்கள். கறையான் தடம்கூடச் சாட்சியாக வந்தது. இரண்டாவது கேள்விதான் சுவையானது: வழக்குப் போட யாருக்கு உரிமை? கோயில் பாழடைந்து கிடந்தது, பூசை இல்லை. இந்தியச் சட்டத்தில் கோயில் ஒரு சட்ட நபர். சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். அப்படியொரு நபர் இங்கிலாந்துச் சட்டத்தில் கிடையாது. என்றாலும், இந்தியாவில் அப்படி இருப்பதால் இங்கிலாந்திலும் ஏற்கலாம் என்று முதல் நீதிமன்றமும் 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டன. இடிபாட்டில் மிச்சமிருந்த லிங்கத்தோடு நின்ற கோயில் ஜெயித்தது. அந்த வருடமே நடராசர் இந்தியா திரும்பினார்.

அடையாளம் எப்படிச் சொல்கிறார்கள்

சோழர் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் ஆனவை. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஒரே அச்சில் இரண்டு சிலை பிறக்காது. ஒரே ஸ்தபதி ஒரே வாரத்தில் செய்த இரண்டு நடராசர்களுக்கும் வேறுபாடு இருக்கும்.

புகைப்படத்தோடு ஒப்பிடுபவர் முகத்தை அதிகம் பார்ப்பதில்லை, முகம் மயக்கும். அவர் பார்ப்பவை இவை:

1. திருவாசியில் (சிலையைச் சுற்றிய சுடர் வளையத்தில்) எத்தனை சுடர், எந்தச் சுடர் முறிந்திருக்கிறது, எது வளைந்திருக்கிறது.
2. விரிசடையில் எந்த இழை குறைகிறது.
3. பீடத்தின் வளையங்களும் துளைகளும். உற்சவரைத் தூக்கக் கம்பு செருகும் இடங்கள் இவை. தேய்மானம் ஒவ்வொரு சிலைக்கும் ஒரு மாதிரி.
4. வார்க்கும்போது காற்றுக் குமிழால் விழுந்த குழிகள், பிறகு ஒட்டுப் போட்ட இடங்கள்.
5. பீடத்தில் எழுத்து இருந்தால் அதன் வரி அமைப்பு.

இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. கோயில்களில் படம் கேட்டால் திருவிழாப் படத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். பட்டும் மாலையும் போர்த்தி, முகமும் கையும் மட்டும் தெரியும் அலங்காரப் படம் ஒப்பிட உதவாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் கோயில் கோயிலாகப் போய் எடுத்த படங்களின் அருமை இங்கேதான் தெரிகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். கலை வரலாற்று ஆய்வுக்காக எடுத்ததால் திருமேனிகளை அலங்காரம் இல்லாமல் எடுத்தார்கள். யாரும் திருட்டை நினைத்து எடுக்கவில்லை. ஆனந்தமங்கலம் ராமர், லட்சுமணர், சீதை 1978-ல் திருடுபோய் 2020-ல் பிரிட்டனிலிருந்து வந்ததும், கல்லிடைக்குறிச்சி நடராசர் 1982-ல் போய் 2019-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததும் 1958-ல் எடுத்த படங்களால்தான்.

பொய்த் தாள் தயாரிப்பது

அருங்காட்சியகங்கள் வாங்கும் முன் 'கைமாறிய வரலாறு' கேட்கும்: யாரிடமிருந்து யாருக்கு, எந்த வருடம், எந்த நாட்டில். 1970-க்கு முன் இந்தியாவை விட்டு வெளியேறியது என்று ஒரு தாள் இருந்தால் போதும் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. அதனால் கடத்தல்காரர்கள் சிலையோடு தாளையும் சேர்த்தே தயாரித்தார்கள்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் நடராசர் திருடுபோனது 2006-ல். ஆஸ்திரேலியாவின் கான்பெரா தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது 2008-ல். ஆளரவம் இல்லாத கோயில். அதே 2008-ல், சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று திறந்து பார்த்தபோதுதான் களவு வெளிப்பட்டது. வாங்கியவர்களிடம் இருந்த தாளோ, டெல்லியில் இருந்த சூடான் தூதரகக் குடும்பம் ஒன்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே வாங்கிக் கொண்டுபோனதாகச் சொன்னது. அந்த வருடங்கள் கடந்தும் நடராசர் ஸ்ரீபுரந்தானில்தான் இருந்தார் என்பதற்கு 1994-ல் எடுத்த பிரெஞ்சு நிறுவனப் படம் சாட்சி. தாள் அங்கேயே செத்தது. விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைதாகி, 2012-ல் இந்தியா கொண்டுவரப்பட்டு, 2022-ல் கும்பகோணம் நீதிமன்றத்தில் உடையார்பாளையம் வழக்கில் பத்து வருடத் தண்டனை பெற்றார். நடராசர் 2014 செப்டம்பரில் திரும்பினார். கூடவே விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரும் சிட்னியிலிருந்து வந்தார். கலைக்கூடம் தான் கொடுத்த பணத்துக்காக வியாபாரி மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது.

இன்னொரு வழி போலிச் சிலை. சிவபுரத்தில் 1951-ல் கிடைத்த நடராசரைப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். பூசை நகலுக்கு நடந்துகொண்டிருந்தது. அசல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் போய்ச் சேர்ந்தது. இந்தியா வழக்குப் போட்டு, 1976-ல் சமரசமாகி, பத்து வருடம் அங்கே காட்சிக்கு இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு. இந்த வகைத் திருட்டில் எஃப்ஐஆர் பதிவாகாது. சாமி கண்ணெதிரே நிற்கும்போது யார் போய்ப் புகார் கொடுப்பது?

ஒருவர் கொடுக்க, பக்கத்துக்காரர் மறுப்பது ஏன்

ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்த திருமங்கையாழ்வார் 1967-ல் சாத்பி ஏலத்தில் வாங்கப்பட்டவர். 1970-க்கு முந்தைய கொள்முதல், பகிரங்க ஏலம். உடன்படிக்கை இதைத் தொடாது. ஆனால் கும்பகோணத்துக்கு அருகில் சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957-ல் எடுத்த படத்தில் இருப்பவர் இவரேதான் என்று ஓர் ஆய்வாளர் காட்டியதும், 2019 டிசம்பரில் அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொன்னது. 1957-ல் கோயிலில், 1967-ல் லண்டனில் என்றால் இடைப்பட்ட காலத்தில் 1947 சட்டம் மீறப்பட்டிருக்கிறது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அடுத்து அந்நாட்டு அறக்கட்டளை ஆணையத்தின் அனுமதிக்குப் போனது.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஏன் இப்படிச் செய்வதில்லை? மனம் வேறு என்பதைவிடச் சட்டம் வேறு. 1963 சட்டம் அதன் அறங்காவலர்களின் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. இரட்டைப் பிரதி, பழுதானது போன்ற சில விதிவிலக்குகள் தவிர எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. நாஜிக்கள் பறித்தவற்றுக்கு மட்டும் 2009-ல் தனிச் சட்டம் வழி விட்டது. பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அந்தக் கட்டு இல்லை. இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சட்டம் தடுக்கிறது என்பது வசதியான பதிலும்கூட.

கோரிக்கை நகரும் பாதை

1. படமும் சிலையும் ஒத்துப்போகிறது என்று யாராவது கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் ஆர்வலர்கள், ஏலப் பட்டியல்களைப் பார்த்து.
2. சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு பழைய எஃப்ஐஆரைத் தேடும். இல்லையென்றால் கோயில் செயல் அலுவலரிடமோ ஊராரிடமோ புகார் வாங்கிப் புதிதாகப் பதியும்.
3. அறநிலையச் சட்டத்தின் 29-ஆவது பிரிவுப்படி உள்ள சொத்துப் பதிவேட்டின் நகல் சேர்க்கப்படும். பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. 'நடராசர் 1, உயரம் 2 அடி' என்றிருக்கும். பீடத்தோடா, பீடம் இல்லாமலா? திருவாசி சேர்த்தா? எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும்.
4. இந்தியத் தொல்லியல் துறை, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் வழியாகக் கோரிக்கை போகும். குற்ற வழக்கு நடந்தால் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் தனி வழி.
5. சிலை பெரும்பாலும் டெல்லி வழியாகத் தமிழ்நாடு வந்து, வழக்குச் சொத்து என்பதால் நீதிமன்றத்தில் காட்டப்பட்டு, அதன் உத்தரவுப்படி ஒப்படைக்கப்படும்.

2024 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தம் இந்தப் பாதையைக் கொஞ்சம் சுருக்குகிறது. பட்டியலில் உள்ள வகைப் பொருள் அமெரிக்கச் சுங்கத்துக்கு வந்தால், முறையாக வெளியேறியது என்று காட்ட வேண்டியவர் இறக்குமதி செய்பவர்.

கோயில் நிர்வாகம் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. அலங்காரம் களைந்த நிலையில் முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடிப்புறம் என ஐந்து படம்; ஒவ்வொன்றிலும் ஓர் அளவுகோல். பீடத்தோடும் இல்லாமலும் உயரம், எடை. முறிவுகளும் குழிகளும் எழுத்தில். ஒரு பிரதி கோயிலுக்கு வெளியே வேறிடத்தில் இருக்கட்டும். சிலையோடு பதிவேடும் காணாமல் போகக்கூடும்.

திரும்பியவர் எங்கே இருக்கிறார்

'நாட்டுக்குத் திருப்பித் தருவது' என்ற சொல்லில் ஒரு வழுக்கல் இருக்கிறது. பத்தூர்த் தீர்ப்பில் உரிமையாளர் கோயில். தூதரக வழியில் வரும்போது பெற்றுக்கொள்பவர் இந்திய அரசு. 2026 தொடக்கத்தில் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகம் மூன்று தமிழ்நாட்டுத் திருமேனிகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அவற்றில் திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீஸ்வரர் கோயில் நடராசர் மட்டும் இந்தியாவின் உடைமையாகி, நீண்டகாலக் கடனாக அங்கேயே இருப்பார் என்பது ஏற்பாடு. உரிமை மாறியது, இடம் மாறவில்லை. எங்கிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சிலைக்கருகில் எழுதி வைப்பதோடு வரும் கடன் என்றால், பூசை நின்றுபோன கோயிலின் சிலைக்கு இது மோசமான ஏற்பாடு அல்ல. பூசை நடக்கும் கோயிலின் உற்சவர் என்றால் அந்த ஊரைக் கேட்காமல் செய்வது சரியல்ல.

நம் பக்கத்திலும் கேள்வி இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி நடராசர் தன் கோயிலுக்கே போனார். பத்தூர் நடராசர் திருவாரூர் உலோகத் திருமேனி பாதுகாப்பு மையத்துக்குப் போனார். கம்பிக்கதவு, அலாரம், கேமரா, இரவுக் காவல், தினம் வந்து திறக்கும் குருக்கள் இருக்கும் கோயிலுக்குத் திரும்பக் கொடுப்பார்கள். இல்லாத கோயிலின் சிலை மையத்தில் நிற்கும். மையத்தில் நெருக்கி வைத்த சிலைகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. செப்பில் உப்புச் சத்தும் காற்றில் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். துடைத்தால் போவது போலிருக்கும், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி பூத்து உலோகத்தைக் குழியாகத் தின்னும். திருவிழாவுக்கு ஊரார் மனுக் கொடுத்து, அனுமதி வாங்கி, போலீஸ் காவலோடு உற்சவரை அழைத்துப் போகிறார்கள். வீதியுலா முடிந்து, அபிஷேகம் ஆன ஈரம் காய்வதற்குள் அவரை மையத்தில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது.